புருணை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளும் பதில்களும்

புருணையைப் பற்றித் தமிழில் வரும் செய்திகள் பெரும்பாலும் சுல்தானின் அரண்மனையோடும் அவருடைய மகிழுந்துகளோடும் நின்றுவிடுகின்றன. அந்த நாடு எப்படி உருவானது, பெரிய அண்டை நாடுகளோடு இணையாமல் ஏன் தனித்து நின்றது, அங்கே யார் எந்த உரிமையோடு வாழ்கிறார்கள் என்பவை அவற்றைவிட முக்கியமானவை. அவற்றுக்கே இங்கு இடம் தரப்பட்டுள்ளது. இந்தக் கேள்விகளில் எதை எடுத்தாலும் பதில் ஏதோ ஓரிடத்தில் எண்ணெயைத் தொடுகிறது. அது நாட்டுக்குப் பணம் தந்த பொருள் மட்டுமன்று. நாட்டைத் தனி நாடாக வைத்திருந்த பொருளும் அதுவே என்பது இந்தப் பக்கத்தை எழுதியவரின் உறுதியான கருத்து.

புருணை எங்கே இருக்கிறது? வரைபடத்தில் அது ஏன் இரண்டு துண்டுகளாகத் தெரிகிறது?

தென்கிழக்கு ஆசியாவில், போர்னியோ தீவின் வடக்குக் கரையில், தென்சீனக் கடலைப் பார்த்தபடி புருணை அமைந்துள்ளது. பரப்பளவு 5,765 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை ஏறத்தாழ நாலரை லட்சம். கடல் இருக்கும் பக்கம் தவிர மற்ற எல்லாப் பக்கங்களிலும் மலேசியாவின் சரவாக் மாநிலம் சூழ்ந்திருக்கிறது. புருணை மூவாரா, தூத்தோங், பெலாயிட் ஆகிய மூன்று மாவட்டங்களும் மேற்கே ஒரே நிலப்பரப்பாக இருக்க, நான்காவது மாவட்டமான தெம்புரோங் மட்டும் கிழக்கே பிரிந்து கிடக்கிறது.

இடையில் இருப்பது லிம்பாங் ஆற்றுப் பள்ளத்தாக்கு. 1890ஆம் ஆண்டு வரை அதுவும் புருணையின் நிலமாகவே இருந்தது. சரவாக்கை ஆண்ட ஆங்கிலேயரான சார்லஸ் புரூக் அந்த ஆண்டு அதைத் தம் ஆட்சியோடு சேர்த்துக்கொண்டார். அன்றைய சுல்தான் ஹாசிம் அதை ஏற்கவில்லை. தலைநகரிலிருந்து தெம்புரோங் செல்வோர் பல தலைமுறைகளாகப் படகில் போக வேண்டும், அல்லது மலேசிய மண்ணுக்குள் நுழைந்து வெளியே வர வேண்டும். 2020ஆம் ஆண்டு மார்ச் மாதம் புருணை விரிகுடாவின் மீது சுமார் 30 கிலோமீட்டர் நீளத்துக்குப் பாலம் திறக்கப்பட்ட பிறகே தரைவழியாக, எல்லை தாண்டாமல், நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மறு பகுதிக்குச் செல்ல முடிந்தது.

இவ்வளவு சிறிய நாடு ஒரு காலத்தில் பேரரசாக இருந்தது என்பது உண்மையா?

உண்மை. சீன ஆவணங்கள் 977ஆம் ஆண்டிலேயே ‘போனி’ என்ற நாட்டிலிருந்து தூதர்கள் வந்ததைக் குறிப்பிடுகின்றன. அந்நாட்டைப் பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் போர்னியோவின் இக்கரையோடு தொடர்புபடுத்துகிறார்கள். மிங் வம்சத்துக் காலத்தில் சீனாவுக்குச் சென்ற போனி அரசர் ஒருவர் 1408இல் அங்கேயே இறந்தார். அவருடைய கல்லறை இன்றும் நான்ஜிங் நகரில் உள்ளது. அரச குடும்பம் இஸ்லாத்தைத் தழுவிய காலத்தை மரபு வரலாறு பதினான்காம் நூற்றாண்டில் வைக்கிறது. ஆய்வாளர்களில் பலர் அதற்குப் பிந்திய காலத்தைச் சொல்கிறார்கள்.

ஐந்தாவது சுல்தான் போல்கியாவின் காலத்தில், அதாவது பதினைந்தாம் நூற்றாண்டின் இறுதியிலும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும், போர்னியோவின் கரையோரத்திலும் இன்றைய பிலிப்பைன்ஸின் சில தீவுகளிலும் புருணையின் செல்வாக்கு பரவியிருந்தது. மெகல்லனின் பயணக் குழுவில் எஞ்சியவர்கள் 1521இல் இங்கே வந்தபோது, அவர்களுள் ஒருவரான அந்தோனியோ பிகாஃபெத்தா, உப்புநீரின் மேல் மரத்தூண்களில் கட்டப்பட்ட ஒரு பெரிய நகரத்தைக் கண்டு, அங்கே 25,000 குடும்பங்கள் வாழ்வதாக எழுதினார். எண்ணிக்கை மிகையாக இருக்கலாம். ஆனால் அரண்மனைக்கு யானை மீது அழைத்துச் செல்லப்பட்டதை அவர் விவரித்திருக்கும் விதத்தில் ஒரு செழிப்பான துறைமுக அரசின் தோரணை தெளிவாகத் தெரிகிறது.

1578இல் மணிலாவிலிருந்து வந்த ஸ்பானியர்கள் தலைநகரைக் கைப்பற்றினார்கள். நோய் பரவியதால் விரைவிலேயே திரும்பிவிட்டார்கள். அதன் பிறகு சரிவு மெதுவாக நடந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அது வேகமெடுத்தது. 1841இல் ஜேம்ஸ் புரூக் சரவாக்கின் ஆட்சிப் பொறுப்பைப் பெற்றார். 1846இல் லாபுவான் தீவு பிரிட்டனுக்குப் போனது. 1877இல் இன்றைய மலேசிய மாநிலமான சபாவின் பெரும்பகுதி ஐரோப்பிய வணிகர்களுக்கு விட்டுக்கொடுக்கப்பட்டது. 1888இல் புருணை பிரிட்டனின் பாதுகாப்புக்கு உட்பட்ட நாடாயிற்று. 1906 முதல் ஒரு பிரிட்டிஷ் ரெசிடெண்ட் அதிகாரி அங்கே அமர்த்தப்பட்டார். மதம், மலாய் மரபு ஆகியவை தவிர மற்ற எல்லாவற்றிலும் அவருடைய அறிவுரையைச் சுல்தான் ஏற்க வேண்டும் என்பது உடன்பாடு. அந்த ஏற்பாடு இல்லாமல் போயிருந்தால் எஞ்சிய நிலத்தையும் புரூக் குடும்பம் எடுத்துக்கொண்டிருக்கும் என்றே நான் கருதுகிறேன்.

எண்ணெய் எப்போது, எங்கே கிடைத்தது?

1899இலேயே தலைநகருக்கு அருகில் ஒரு கிணறு தோண்டிப் பார்த்தார்கள், பயன் இல்லை. மூன்று பத்தாண்டுகள் கழித்து, 1929 ஏப்ரலில், மேற்கே பெலாயிட் மாவட்டத்துச் சதுப்புக் கரையில் உள்ள செரியாவில் எண்ணெய் பீறிட்டது. வணிக அளவிலான ஏற்றுமதி முப்பதுகளில் தொடங்கியது.

ஜப்பானியப் படைகள் 1941 டிசம்பரில் இங்கே இறங்கியதற்கு இந்த எண்ணெயே முதன்மையான காரணம். பிரிட்டிஷார் பின்வாங்கும் முன்பே கிணறுகளைச் செயலிழக்கச் செய்தார்கள்; ஜப்பானியர் அவற்றைச் சீரமைத்துப் பயன்படுத்தினார்கள்; 1945 ஜூனில் ஆஸ்திரேலியப் படைகள் கரையிறங்கியபோது ஜப்பானியர் முப்பதுக்கும் மேற்பட்ட கிணறுகளுக்குத் தீ வைத்துவிட்டுச் சென்றார்கள். அத்தீயை முழுவதும் அணைக்கப் பல வாரங்கள் பிடித்தன.

1963இல் கரையை விட்டுக் கடலுக்குள் தென்மேற்கு அம்பா வயல் கண்டறியப்பட்டது. இதன் முக்கியத்துவம் பலருக்குத் தெரிவதில்லை: அங்கே எண்ணெயோடு பெருமளவு எரிவாயுவும் இருந்தது. 1972இல் லூமுட் என்ற இடத்தில் எரிவாயுவைக் குளிர்வித்துத் திரவமாக்கும் ஆலை இயங்கத் தொடங்கி, ஜப்பானுக்குக் கப்பல் கப்பலாக அனுப்பியது. உலகின் முதல் பெரிய திரவ இயற்கை எரிவாயுத் திட்டங்களுள் அதுவும் ஒன்று. புருணை அரசு, ஷெல், மிட்சுபிஷி ஆகியோர் அதில் பங்குதாரர்கள். எண்ணெய் எடுக்கும் முதன்மை நிறுவனமான புருணை ஷெல் பெட்ரோலியத்தில் அரசுக்கும் ஷெல்லுக்கும் சரிபாதிப் பங்கு உண்டு. செரியாவின் நூறு கோடியாவது பீப்பாயை நினைவுகூரும் சின்னம் ஒன்று 1991இல் அந்த ஊரின் கரையோரம் எழுப்பப்பட்டது.

சரவாக்கும் சபாவும் 1963இல் மலேசியாவில் சேர்ந்தபோது புருணை ஏன் சேரவில்லை?

இந்தக் கேள்விக்குள்தான் இன்றைய புருணை முழுவதும் அடங்கியிருக்கிறது.

இன்றைய சுல்தானின் தந்தையான மூன்றாம் ஓமர் அலி சைபுதீன் 1959இல் எழுதப்பட்ட அரசமைப்பு ஒன்றை நாட்டுக்கு அளித்தார். அதன்படி 1962 ஆகஸ்டில் மாவட்ட மன்றங்களுக்குத் தேர்தல் நடந்தது. ஏ. எம். அசகாரி தலைமையிலான புருணை மக்கள் கட்சி 55 இடங்களில் 54ஐ வென்றது. அக்கட்சி மலேசியத் திட்டத்தை எதிர்த்தது; சரவாக், வட போர்னியோ (இன்றைய சபா), புருணை மூன்றும் சேர்ந்த தனி நாடு வேண்டும் என்றது. அவர்கள் சட்டமன்றத்தில் தங்கள் பலத்தைக் காட்டும் முன்பே, 1962 டிசம்பர் 8 அன்று கட்சியின் ஆயுதப் பிரிவு கிளர்ச்சியில் இறங்கியது. சிங்கப்பூரிலிருந்து விரைந்து வந்த பிரிட்டிஷ் படைகளும் கூர்க்கா வீரர்களும் சில நாட்களிலேயே அதை அடக்கினார்கள். கட்சி தடை செய்யப்பட்டது. நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது.

கிளர்ச்சி தோற்ற பிறகு சுல்தானுக்கு மலேசியாவில் சேர எந்தத் தடையும் இருக்கவில்லை. ஆனாலும் 1963 ஜூலையில் லண்டனில் ஒப்பந்தம் கையெழுத்தானபோது புருணை அதில் இல்லை. எண்ணெய் வருவாயின் மீது கூட்டரசுக்கு எவ்வளவு அதிகாரம் என்பது ஒரு சிக்கல். மலாய் மாநிலங்களின் ஆட்சியாளர்களிடையே புருணைச் சுல்தானுக்கு எந்த வரிசையில் இடம் என்பது இன்னொன்று. இரண்டாவதை ஏதேனும் ஒரு வகையில் பேசித் தீர்த்திருக்கலாம். முதலாவதில் விட்டுக்கொடுக்கச் சுல்தானுக்கு எந்தத் தேவையும் இருக்கவில்லை. செரியாவின் வருவாய் தனி நாடாக வாழப் போதுமானதாக இருந்தது.

அப்படியானால் முழு விடுதலை 1984 வரை ஏன் தள்ளிப்போனது?

அவசரப்பட்டது பிரிட்டன்தான், புருணை அன்று. சூயஸ் கால்வாய்க்குக் கிழக்கே இருந்த தன் படைகளை விலக்கிக்கொள்ள பிரிட்டன் விரும்பியது. இருபுறமும் பெரிய நாடுகள் சூழ்ந்த சிறிய அரசு அந்தப் பாதுகாப்பை இழக்க அஞ்சியது. 1971இல் உள்நாட்டு ஆட்சி முழுமையாகச் சுல்தானிடம் வந்தது. 1979 உடன்பாட்டின்படி 1984 ஜனவரி 1 அன்று புருணை முழு விடுதலை பெற்றது. தேசிய நாள் விழா மட்டும் பிப்ரவரி 23 அன்று கொண்டாடப்படுகிறது. விடுதலை பெற்ற ஒரே வாரத்தில், தென்கிழக்கு ஆசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானின் ஆறாவது உறுப்பினராக அது சேர்ந்தது. இன்றும் பிரிட்டிஷ் கூர்க்கா பட்டாலியன் ஒன்று புருணையின் செலவில் செரியாவில் தங்கியிருக்கிறது.

அங்கே தேர்தல் உண்டா? நாட்டை ஆள்வது யார்?

நாடாளுமன்றத் தேர்தல் இல்லை. சுல்தான் ஹசனல் போல்கியா 1967 அக்டோபரில் தந்தை பதவி துறந்ததும் அரியணை ஏறினார். பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத் 2022இல் மறைந்த பிறகு, இப்போது உலகில் மிக நீண்ட காலமாக ஆண்டுவரும் மன்னர் இவர்தான். நாட்டுத் தலைவர் பதவியோடு தலைமை அமைச்சர், பாதுகாப்பு, நிதி, வெளியுறவு ஆகிய பொறுப்புகளையும் இவரே வைத்திருக்கிறார். 1984இல் நிறுத்தப்பட்ட சட்டமன்றம் 2004இல் மீண்டும் கூட்டப்பட்டது. அதன் உறுப்பினர்களை நியமிப்பவர் சுல்தானே. உறுப்பினர்கள் ஆண்டுதோறும் வரவு செலவுத் திட்டத்தை விவாதிக்கிறார்கள், சாலை, வீட்டுவசதி, வேலைவாய்ப்பு பற்றிக் கேள்வி கேட்கிறார்கள். அரசை மாற்றும் அதிகாரம் அவர்களுக்கு இல்லை. 1962இல் அறிவிக்கப்பட்ட நெருக்கடி நிலை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்பட்டு, அறுபது ஆண்டுகளைத் தாண்டியும் தொடர்கிறது.

மலாய்ப் பண்பாடு, இஸ்லாம், முடியாட்சி ஆகிய மூன்றையும் ஒன்றாகப் பிணைக்கும் ‘மெலாயு இஸ்லாம் பெராஜா’ என்பது அரசின் அதிகாரப்பூர்வக் கொள்கை. பள்ளியிலிருந்து பல்கலைக்கழகம் வரை அது பாடமாகக் கற்பிக்கப்படுகிறது.

மக்களுக்கு அரசு என்ன தருகிறது? வரியே இல்லையாமே?

தனிநபர் வருமான வரி இல்லை என்பது சரி. நிறுவனங்களுக்கு 18.5 விழுக்காடு வரி உண்டு. எண்ணெய் நிறுவனங்களுக்கு 55 விழுக்காடு. குடிமக்களுக்குக் கல்வி இலவசம். அரசு மருத்துவமனையில் பெயரளவுக்கு ஒரு டாலர் கட்டணம். பெட்ரோல் ஒரு லிட்டர் 53 காசு என்ற அளவில் மானிய விலையில் கிடைக்கிறது, அதாவது ஒரு புருணை டாலரில் பாதியை ஒட்டிய விலை. இதன் விளைவாகப் பொதுப் பேருந்து வசதி வளரவே இல்லை. கார் இல்லாத வெளிநாட்டுத் தொழிலாளி கடைக்குப் போவதற்கும் திண்டாட வேண்டியிருக்கிறது.

முதியோர் ஓய்வூதியம் 1955இல் தொடங்கியது. இன்னும் ஏழ்மை விலகாத காலத்தில், எண்ணெய்ப் பணத்தை முதலில் பள்ளிகளுக்கும் முதியோருக்கும் செலவிட்ட மூன்றாம் ஓமர் அலி சைபுதீனுக்கு அந்தப் பெருமை முழுமையாக உரியது. 1958இல் தலைநகரில் அவர் கட்டிய, தங்கக் குவிமாடம் கொண்ட பள்ளிவாசலும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவர் பதவி துறந்த பின் ஏற்ற பட்டத்தை ஒட்டியே 1970இல் தலைநகருக்கு பண்டார் செரி பெகாவான் என்று பெயர் வைத்தார்கள்.

இந்தச் சலுகைகள் அங்கே வாழும் எல்லோருக்கும் கிடைக்குமா?

இல்லை. இதை அழுத்தமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் புருணையைப் புகழ்ந்து எழுதுவோர் பெரும்பாலும் இதை விட்டுவிடுகிறார்கள்.

மக்கள்தொகையில் மூன்றில் இரண்டு பங்கு மலாய்க்காரர்கள். சட்டம் இவர்களோடு கெடாயான், தூத்தோங், பெலாயிட், பிசாயா, டூசுன், மூருட் ஆகிய பிரிவினரையும் மண்ணின் மக்களாக ஏற்கிறது. சுமார் பத்தில் ஒரு பங்கு சீனர்கள். 1961இன் குடியுரிமைச் சட்டப்படி, மண்ணின் மக்கள் பட்டியலில் இல்லாதவர் நீண்ட காலம் வசித்து, மலாய் மொழித் தேர்விலும் தேற வேண்டும். இதனால் அங்கேயே பிறந்து வளர்ந்த பல சீனக் குடும்பத்தினர் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாத நிரந்தரக் குடியிருப்பாளர்களாகவே வாழ்கிறார்கள். பயணத்துக்கு அவர்கள் கையில் கடவுச்சீட்டு இல்லை, அடையாளச் சான்றிதழ் ஒன்றுதான் இருக்கிறது. நாட்டின் கடைத்தெருக்களை உருவாக்கியவர்களுக்கு இந்த நிலை நியாயமானதாக எனக்குத் தோன்றவில்லை.

ஷரியா தண்டனைச் சட்டம் நடைமுறையில் இருக்கிறதா?

2013இல் அறிவிக்கப்பட்டு, 2014 மே மாதம் அதன் முதல் கட்டம் அமலுக்கு வந்தது. தொழுகைக்கு வராமை, நோன்புக் கால விதிமீறல் போன்றவற்றுக்கு அபராதமும் சிறையும் அக்கட்டத்தில் இருந்தன. 2019 ஏப்ரல் 3 முதல் எஞ்சிய பகுதிகளும் நடைமுறைக்கு வந்தன. திருட்டுக்கு உறுப்பு வெட்டுதல், பிறன்மனை உறவுக்கும் ஓரினச் சேர்க்கைக்கும் கல்லெறிந்து கொல்லுதல் ஆகியவை அதில் இடம்பெற்றன. உலகெங்கும் கண்டனம் எழுந்தது. புருணை அரசின் முதலீட்டு நிறுவனம் வைத்திருக்கும் ஐரோப்பிய, அமெரிக்க விடுதிகளைப் புறக்கணிக்கும் இயக்கமும் நடந்தது. அடுத்த மாதமே சுல்தான், மரண தண்டனையை நிறைவேற்றுவதில்லை என்று ஏற்கெனவே இருந்த நடைமுறை இச்சட்டத்துக்கும் பொருந்தும் என்று அறிவித்தார். சட்டம் மட்டும் ஏட்டில் நீடிக்கிறது. அதன் சில பிரிவுகள் முஸ்லிம் அல்லாதோருக்கும் பொருந்தும்.

அங்கே செல்வோர் அன்றாட வாழ்வில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

வெள்ளிக்கிழமை நண்பகல் 12 முதல் 2 மணி வரை ஜும்ஆ தொழுகைக்காகக் கடைகளும் உணவகங்களும் மூடப்படும். அரசு அலுவலகங்களுக்கு விடுமுறை நாட்கள் வெள்ளியும் ஞாயிறும், சனிக்கிழமை வேலைநாள். ரமலான் மாதப் பகல் பொழுதில் பொது இடத்தில் உண்பது குற்றம். மது விற்பனை கிடையாது. புருணை டாலரும் சிங்கப்பூர் டாலரும் 1967 ஒப்பந்தத்தின்படி ஒன்றுக்கு ஒன்று சம மதிப்புடையவை; இரு நாடுகளிலும் இரண்டும் செல்லும்.

நேரம் இருப்பவர்கள் தலைநகரின் ஆற்றில் உள்ள கம்போங் ஆயர் நீர்க் குடியிருப்பைக் கட்டாயம் பார்க்க வேண்டும். பிகாஃபெத்தா வியந்து எழுதியது அதைத்தான். மரத்தூண்களின் மேல் வீடு, பள்ளிக்கூடம், பள்ளிவாசல், பெட்ரோல் நிலையம் எல்லாம் இருக்கின்றன. கரையில் அரசு வீடுகள் கட்டிக்கொடுத்ததால் இளைய தலைமுறை அங்கிருந்து பெயர்ந்துகொண்டிருக்கிறது.

காடுகள் அழியாமல் இருப்பதாகச் சொல்கிறார்களே?

ஆம், நாட்டில் பாதிக்கும் மேற்பட்ட நிலம் இன்னும் காடு. போர்னியோவின் பிற பகுதிகளில் மரம் வெட்டியும் எண்ணெய்ப்பனை நட்டும் வருவாய் தேடினார்கள். நிலத்தடியிலிருந்து பணம் வந்த புருணைக்கு அந்தத் தேவை எழவில்லை. தெம்புரோங்கின் தேசியப் பூங்காவுக்கு நீள்படகில்தான் போக முடியும், அதுவே அதற்குப் பாதுகாப்பாக அமைந்துவிட்டது. 2007இல் இந்தோனேசியாவோடும் மலேசியாவோடும் சேர்ந்து தீவின் நடுக்காடுகளைக் காக்கும் உடன்பாட்டில் புருணை கையெழுத்திட்டது.

எண்ணெய் தீர்ந்துபோனால் என்ன ஆகும்?

1979 வாக்கில் நாளொன்றுக்கு 2 லட்சத்து 40 ஆயிரம் பீப்பாய் அளவை எட்டிய உற்பத்தி, அண்மை ஆண்டுகளில் சுமார் ஒரு லட்சமாகக் குறைந்துவிட்டது. பழைய வயல்கள் வற்றிவருகின்றன. எண்ணெய் விலை 2014இல் சரிந்ததைத் தொடர்ந்து நாட்டின் பொருளாதாரம் சில ஆண்டுகள் சுருங்கியது. ‘தொலைநோக்கு 2035’ என்ற திட்டம் பிற தொழில்களை வளர்க்கச் சொல்கிறது. மூவாரா பெசார் தீவில் சீனாவின் ஹெங்யி நிறுவனம் கட்டிய சுத்திகரிப்பு ஆலை 2019இல் இயங்கத் தொடங்கியது. சுங்கை லியாங்கில் எரிவாயுவிலிருந்து உரம் தயாரிக்கும் ஆலையும் வந்துவிட்டது. ஆனால் இவையும் எண்ணெயையும் எரிவாயுவையும் சுற்றியே வளர்ந்தவை. இயந்திரங்களை நம்பிய இந்த ஆலைகள் அதிகமான ஆட்களுக்கு வேலை தருவதுமில்லை. படித்த இளைஞர்களில் பெரும்பாலோர் அரசு வேலைக்காகவே காத்திருக்கிறார்கள். தனியார் கடைகளிலும் கட்டுமானத்திலும் வெளிநாட்டவர் உழைக்கிறார்கள்.

1983இல் நிறுவப்பட்ட புருணை முதலீட்டு முகமை வெளிநாடுகளில் சேர்த்துவைத்துள்ள சொத்துதான் உண்மையான கையிருப்பு. அதன் முழுக் கணக்கு பொதுமக்கள் முன் வைக்கப்படுவதில்லை. 1998இல் சுல்தானின் தம்பி ஜெஃப்ரி நடத்திய அமெதியோ குழுமம் பெருங்கடனில் வீழ்ந்து, அரசே அவர்மீது வழக்குத் தொடுக்கும் நிலை வந்ததைப் பார்த்த பிறகும் அக்கணக்கு மூடியே இருப்பது, நாட்டின் மீது அக்கறை கொண்ட எவருக்கும் கவலை தர வேண்டிய செய்தி.

இந்தியாவுக்கும் தமிழர்களுக்கும் புருணையோடு என்ன தொடர்பு?

எண்ணெய்த் தொழில் தொடங்கிய காலத்திலிருந்தே இந்தியர்கள் அங்கே சென்றுவருகிறார்கள். இன்று அங்குள்ள இந்தியர்களில் தமிழ்நாட்டவர் கணிசமாக உள்ளனர். துணிக்கடை, உணவகம், கட்டுமானம் ஆகியவற்றிலும், மருத்துவர்களாகவும் ஆசிரியர்களாகவும் பணியாற்றுகிறார்கள். ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்படும் ராக்கெட்டுகளைத் தொடர்ந்து கண்காணிக்க இஸ்ரோவின் தரை நிலையம் ஒன்று 2000ஆம் ஆண்டு முதல் புருணையில் இயங்குகிறது. இந்தியத் தலைமை அமைச்சர் ஒருவரின் முதல் அரசுமுறை இருதரப்புப் பயணம் 2024 செப்டம்பரில் நடந்தது; அதே ஆண்டு நவம்பரில் சென்னைக்கும் பண்டார் செரி பெகாவானுக்கும் இடையே நேரடி விமானம் பறக்கத் தொடங்கியது.

வேலைக்குச் செல்ல நினைப்போர், முகவர் பதிவு பெற்றவரா என்பதையும், ஒப்பந்தத்தில் சம்பளம், தங்குமிடம், திரும்பி வரும் பயணச் செலவு ஆகியவை எழுத்தில் உள்ளனவா என்பதையும் புறப்படும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். அனுமதி குறிப்பிட்ட ஒரு முதலாளியின் பெயரில் தரப்படுவதால், போன பிறகு வேலை மாறுவது எளிதன்று. சிக்கல் நேர்ந்தால் தலைநகரில் உள்ள இந்தியத் தூதரகத்தை அணுகலாம். ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை ஊரில் உள்ள குடும்பத்தாரிடமும் கொடுத்துவைத்துச் செல்வது நல்லது.